மெல்லிய தகட்டில் ஓட்டை விழுவது கையின் குற்றமன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் இளைஞர்களின் தொழிற்பயிற்சி பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். வெல்டிங் கற்க வரும் பையன்களில் பலர் ஆர்கான் வேலைக்கு (ஆர்கான் வாயுவின் காப்பில், டங்ஸ்டன் முனையிலிருந்து எழும் தீப்பொறியால் தகட்டை உருக்கி இணைக்கும் வெல்டிங்) வந்ததும் தகட்டை ஓட்டையாக்கிவிடுகிறார்கள் என்றும், மெல்லிய தகட்டுக்குக் கைவாகு வேண்டும், அது எல்லோருக்கும் வாய்த்துவிடாது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. முதலில் சொன்னது உண்மை. இரண்டாவதாகச் சொன்னதை என்னால் ஏற்க இயலவில்லை. ரங்கூனின் தகட்டுப் பட்டறைகளில் பல்லாண்டுகள் வேலை செய்து, இப்போது அதே வேலையைக் கற்றுக்கொடுத்தும் வருபவன் நான். ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டில் ஓட்டை விழுவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை, வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுப்பதற்கு முன்பே வேலை மேசையில் உருவாகிவிடுகின்றன. இதை அறியாமல், ஓரிரு மாதங்களிலேயே "உனக்கு இது வராது" என்று சொல்லி நல்ல பையன்களைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்துப் பார்த்து மனம் வருந்தியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இங்குள்ள பையன்கள் பெரும்பாலும் குச்சி வெல்டிங்கில்தான் பழகுகிறார்கள். கூரைச் சட்டம், லாரிச் சட்டம், படகு மேல்தளம் என்று கனத்த இரும்பிலேயே அவர்களுடைய முதல் இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. கனத்த இரும்பில் வேர்வரை உருகிச் சேர வேண்டும் என்பதற்காக இரண்டு துண்டுகளுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்கிறோம். ஓரங்களில் சற்று நின்று, பக்கவாட்டில் அசைத்து நிரப்பச் சொல்கிறோம். கனத்த இரும்பு வெப்பத்தை உள்வாங்கிப் பரப்பிவிடுவதால் இரண்டு நொடி கூடுதலாக நின்றாலும் கெடுதல் நேராது. அதே பையனிடம் 0.8 மி.மீ. தகட்டைக் கொடுத்தவுடன், நல்ல பழக்கம் என்று நாமே ஊட்டிய அத்தனையும் அவனுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. இடைவெளி விட்டால் ஓரங்கள் உருகி ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. அசைத்தால் சூடு அகலமாகப் பரவுகிறது. நின்றால் தகடு கீழே விழுகிறது. போதாததற்கு எவர்சில்வரின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண இரும்பு கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் 304 ரக எவர்சில்வர் கடத்தும். ஆனால் சூட்டில் அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். அதனால் சூடு விழுந்த இடத்திலேயே தேங்குகிறது, தகடு நெளிகிறது, நெளிந்த இடத்தில் சந்து திறக்கிறது, அந்தச் சந்திலிருந்து ஓட்டை தொடங்குகிறது.

ஆகவே முதலில் கற்பிக்க வேண்டியது தகட்டைச் சேர்த்து அமைப்பதைத்தான். வெட்டிய ஓரத்தில் பிசிறு இருக்கக் கூடாது. அரத்தால் நேராக்கி, இரண்டு ஓரங்களையும் சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இடையில் ஒளி தெரியக் கூடாது. மெல்லிய தகட்டில் இடைவெளி என்பதே வேண்டாம். எண்ணெயும் மார்க்கர் மையும் போகும்படி அசிட்டோன் தொட்டுத் துடைத்து, அது நன்றாக உலர்ந்த பிறகு, எவர்சில்வருக்கென்றே தனியாக வைத்திருக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இரும்புக்குப் பயன்படுத்திய பிரஷ்ஷைத் தொட்டால் பிறகு துரு பிடிக்கும். அடியில் ஒரு செம்புப் பட்டையை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குவதைப் போல் ஓட்டையைத் தடுப்பது வேறொன்றும் இல்லை என்றே சொல்வேன். செம்பு, எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதால், தேங்க இருக்கும் சூட்டை அது இழுத்துக்கொள்கிறது. உருகிய உலோகம் கீழே விழாமல் தாங்கியும் நிற்கிறது. செம்பு கிடைக்காதபோது கனமான அலுமினியப் பட்டையும் உதவும். பட்டை தகட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். இடையில் காற்றுப் புகுந்தால் வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான்.

டேக் (முழுவதுமாக ஓட்டும் முன் தகடுகள் விலகாமலிருக்க இடும் சிறு புள்ளி வெல்டு) போடுவதிலும் அவசரம் கூடாது. பையன்கள் ஒரு முனையில் தொடங்கி வரிசையாகப் போட்டுக்கொண்டே போகிறார்கள். மறுமுனைக்கு வரும்போது ஓரங்கள் விலகியோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ நிற்கின்றன. இரு முனைகளிலும் முதலில், பிறகு நடுவில், பிறகு ஒவ்வொரு பாதியின் நடுவிலும் என்று பிரித்துப் பிரித்துப் போட்டு, கடைசியில் டேக்குகளுக்கிடையே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும்படி நெருக்கிக்கொள்ள வேண்டும். முழுவதுமாக ஓட்டும்போதும் ஒரே மூச்சில் ஓட்டாமல், சிறு சிறு துண்டுகளாக இடம் மாற்றி ஓட்டி, ஒவ்வொன்றும் ஆறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது கரண்ட். இரும்புத் தகட்டில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது பழைய கணக்கு. எவர்சில்வருக்கு அதில் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். 1 மி.மீ. தகட்டுக்கு 30 முதல் 40 வரை, 0.8 மி.மீ. தகட்டுக்கு 20 முதல் 30 வரை என்று தொடங்கி, அதே தகட்டின் வெட்டுத் துண்டில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். தகட்டைக் கேஜ் எண் சொல்லி வாங்கும் வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை; பிரிட்டிஷ் அட்டவணையில் 20 கேஜ் என்பது 0.914 மி.மீ., 22 கேஜ் என்பது 0.711 மி.மீ., ஆனால் வேறு அட்டவணைகளில் அதே எண்ணுக்கு வேறு கனம். கடைக்காரர் சொன்னதை நம்பாமல் மைக்ரோமீட்டர் வைத்து அளந்துவிடுவதே நல்லது.

இந்த இடத்தில்தான் பயிற்சி வகுப்புகளில் ஒரு பெரும் தவறு நடக்கிறது. இரண்டு முறை ஓட்டை விழுந்ததும் பையன் பயந்து கரண்டை 15 ஆம்பியருக்கு இறக்குகிறான். பக்கத்தில் நிற்பவரும் அதையே சொல்கிறார். அவ்வளவு குறைந்த கரண்டில் தீப்பொறி ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை, தகடும் உடனே உருகுவதில்லை. அவன் காத்திருக்கிறான். காத்திருக்கும் அந்த ஐந்தாறு நொடிகளில் சுற்றிலும் இரண்டு விரற்கடை அகலத்துக்குத் தகடு சிவந்துவிடுகிறது. கடைசியில் உருகும்போது ஒரு புள்ளியாக உருகாமல் சுற்றியிருப்பதும் சேர்ந்து சரிகிறது. தேவையான கரண்டை வைத்து, ஓரிரு நொடியில் குட்டை (உருகிய உலோகம் தேங்கும் சிறு இடம்) உருவானதும் தயங்காமல் நகர்ந்தால் தகட்டுக்குள் இறங்கும் மொத்தச் சூடு அதைவிடக் குறைவு. கரண்டைக் குறைப்பதால் மட்டும் சூடு குறைந்துவிடாது, நேரமும் சேர்ந்துதான் சூடு என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். பல்ஸ் வசதியுள்ள மெஷின் இருந்தால் மேல்கரண்ட் 45, கீழ்கரண்ட் 12 முதல் 15, நொடிக்கு ஒன்றிரண்டு துடிப்பு என்று வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு நகர்வு நகரப் பழக்கலாம். காலால் மிதிக்கும் பெடல் இல்லாத எளிய மெஷின்களில், முடிவில் கரண்ட் படிப்படியாக இறங்கும்படி வைத்துக்கொள்ளாவிட்டால் கடைசிப் புள்ளியில் குழி விழும்.

டார்ச்சின் முனையில் இருக்கும் டங்ஸ்டன் கம்பியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டார்ச்சோடு வந்த 2.4 மி.மீ. கம்பியை மாற்றாமலேயே வேலை செய்கிறவர்கள் நிறைய. 25 ஆம்பியரில் அதன் மொண்ணை முனையில் தீப்பொறி அங்குமிங்கும் அலையும், 1.6 மி.மீ., இன்னும் மெல்லிய வேலைக்கு 1.0 மி.மீ. தான் ஏற்றது. கூர் தீட்டும்போது கோடுகள் கம்பியின் நீளவாக்கில் ஓட வேண்டும். கூரின் நீளம் கம்பி விட்டத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கலாம். குட்டையில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பியும் தகட்டைவிட மிகக் கனமாக இருக்கக் கூடாது. கடையில் இருப்பது 2.4 மி.மீ. தான் என்று அதையே வாங்கி வந்தால், கம்பி உருகுவதற்குள் தகடு உருகிவிடும். 304 தகட்டுக்கு 308எல் ரகத்தில் 1.0 மி.மீ. கம்பி நல்லது, கிடைக்காத நாளில் அதே தகட்டின் ஓரத்திலிருந்து மெல்லிய கீற்று வெட்டிப் பயன்படுத்துவார்கள், அவசரத்துக்கு அதுவும் ஆகும்.

நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் ஆர்கான் போதும். சித்திரை வெக்கையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமைதான். ஆயினும் அதன் காற்று மேசைமேல் படாமல் திருப்பி வைக்கத்தான் வேண்டும். காற்று ஆர்கானைக் கலைத்துவிட்டால் குட்டையின் மேல் ஆடை படர்ந்து உருகல் மந்தமாகிறது. பையன் கரண்டைக் கூட்டுகிறான். அடுத்த நொடி ஓட்டை விழுகிறது. மின்சாரம் போய்ச் சிறிய ஜெனரேட்டருக்கு மாறும் பட்டறைகளில், ஒரே ஜெனரேட்டரில் வேறொருவர் கிரைண்டரை முடுக்கியதும் தீப்பொறி தடுமாறுவதைக் காணலாம். மாறியதும் வேலைத் துண்டில் கை வைக்காமல், வெட்டுத் துண்டில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே தொடர வேண்டும்.

இத்தனையும் அமைந்த பிறகுதான் கையின் வேலை வருகிறது. அந்த வேலையின் பெரும்பகுதி கண்ணுடையதே. தகட்டுக்கும் டங்ஸ்டனுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. தீப்பொறி விழுந்ததும் இரண்டு ஓரங்களிலும் தனித்தனியே பளபளப்புத் தோன்றி, ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து சேர்ந்து, மிளகளவில் ஒரு குட்டையாகும். சேர்ந்த அக்கணத்தில் கம்பியின் நுனியைக் குட்டையின் முன்விளிம்பில் தொட்டு எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த கம்பி உள்ளே கரைவதால் குட்டையின் சூடும் தணிகிறது. ஓட்டை விழுவதற்குச் சற்று முன்பு குட்டை அதற்கான அடையாளத்தைக் காட்டும்: மேற்பரப்பின் மெல்லிய மேடு தட்டையாகும், பிறகு நடுவில் குழியும், ஓரம் அகலும். தட்டையாகும்போதே கம்பியைக் கொடுத்தோ, பெடலில் காலைத் தளர்த்தியோ, வேகமாக நகர்ந்தோ காப்பாற்றிவிடலாம்; குழிந்த பிறகு பெரும்பாலும் இயலாது. இந்த அடையாளத்தைப் பையனுக்குக் காட்ட வேண்டுமானால் பயிற்றுநரும் முகமூடி அணிந்து அவன் தோளருகே குனிந்து, "இதோ, இப்போது" என்று சொல்லித் தர வேண்டும். தூரத்தில் நாற்காலியில் அமர்ந்து, முடிந்த வேலையைப் பார்த்துத் தலையசைக்கும் சயாவிடம் (பர்மிய மொழியில் ஆசிரியர்) இதைக் கற்க முடியாது.

விழுந்துவிட்ட ஓட்டையையும் மூடலாம். நன்றாக ஆறவிட்டு, பின்னால் செம்பை அழுத்தி வைத்து, விளிம்பைச் சுற்றிச் சிறிது சிறிதாகக் கம்பி சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு உள்நோக்கி வர வேண்டும்.

கோயில் மடைப்பள்ளி அண்டாக்கள், தேநீர்க் கடைத் தொட்டிகள் ஆகியவற்றைச் செய்பவர்களிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டை விழவில்லை என்பதோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். எவர்சில்வரில் முழு ஆழத்துக்கும் உருகிய இடத்தின் பின்புறத்தில் காற்றுப் பட்டால், கருத்துச் சொரசொரப்பாகப் பூத்துவிடும். அந்தப் பூப்பில் உணவுத் துணுக்கு ஒளிந்துகொள்ளும், துருவும் அங்கிருந்தே தொடங்கும். நூற்றுக்கணக்கானோருக்கு அன்னதானம் சமைக்கும் பாத்திரத்தில் இதை விட்டுவைப்பது தகாது. செம்புப் பட்டையில் ஒரு காடி வெட்டி அதன் வழியாகச் சிறிது ஆர்கானைப் பின்பக்கமும் செலுத்தினால், பின்புறமும் வைக்கோல் மஞ்சளாகத் தெளிவாக நிற்கும்.

பாதுகாப்பில் மூன்று பழக்கங்களை உடனே நிறுத்த வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு வெல்டிங் செய்தால், தீப்பொறியின் வெப்பத்திலும் புற ஊதா ஒளியிலும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். அது உயிரையே பறிக்கும். துத்தநாகம் பூசிய தகட்டில் பூச்சை எடுக்காமல் தீ வைத்தால் அந்தப் புகையால் குளிர்காய்ச்சல் வரும்; பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது ஆதாரமற்றது. சிவப்பு முனை டங்ஸ்டனில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால் அதைத் தீட்டும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. லாந்தனம் கலந்த கம்பி அதே வேலையைக் குறைவின்றிச் செய்யும்.

நம்மவர் நடத்தும் பயிற்சி வகுப்புகளின் பொறுப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். முதல் இரண்டு வாரம் டார்ச்சையே கொடுக்காமல் வெட்டுவதையும், அரம் போடுவதையும், சேர்த்து இறுக்குவதையும் கற்பியுங்கள். வேலைக்கு வரும் தகட்டின் அதே கனத்தில் வெட்டுத் துண்டுகளைப் பட்டறைகளிலிருந்து கேட்டு வாங்கிக் கொடுங்கள். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். மாணவனின் துண்டில் ஓட்டை விழுந்தால் அவனைக் கடிவதற்கு முன் சந்து, செம்பு, கரண்ட், கம்பி ஆகிய நான்கையும் பயிற்றுநர் தாமே சரிபார்க்கட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மெஷின்களோடு வரும் கையேடுகள் சீனத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. நம் பையன்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தும், தொழிலைப் பற்றித் தமிழில் படிக்க அவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை. மாதம் ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கினால், தகட்டின் கனம், கரண்ட், டங்ஸ்டன், கம்பி ஆகியவற்றை ஒரே அட்டவணையாக, பட்டறைச் சுவரில் ஒட்டத் தக்கபடி எழுதித் தரச் சித்தமாக இருக்கிறேன். முதல் மாதத்துக்கு 0.8, 1.0, 1.2 மி.மீ. எவர்சில்வர் தகடுகளை எடுத்துக்கொள்ளலாம்; அலுமினியத்துக்கு ஏ.சி. (மாறுதிசை மின்னோட்ட) மெஷின் வேண்டுமாதலால் அதைப் பின்னால் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தகட்டு வேலைப் பயிற்றுநர் ஒருவர்,
ரங்கூன்.