சுடச் சுட முளைக்கும் எதிரிகள்

ஆசிரியருக்கு வணக்கம். 2007-ல் வந்த 'கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ விளையாட்டை இன்றும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடலாம், தப்பில்லை. செர்னோபில் அருகே கைவிடப்பட்ட ஊரான பிரிப்யாட்டில் நடக்கும் கட்டத்தில் இலைதழை உடுப்போடு புல்லில் குப்புறக் கிடக்க, எதிரிப் படையும் கவச வண்டிகளும் நம்மை ஒட்டியே கடந்துபோகும்போது அசையவே பயமாக இருக்கும். அணுகுண்டு வெடித்தபின் நம் வீரன் ஹெலிகாப்டரிலிருந்து தவழ்ந்து இறங்கிச் செத்தே போகிறான், நாயகன் பிழைப்பான் என்ற நினைப்பெல்லாம் அங்கேயே காலி.

ஆனால் எதிரிகள்! மறைந்திருந்து ஒவ்வொருவராகக் குறிபார்த்து வீழ்த்தினாலும் ஈசல் மாதிரி வந்துகொண்டே இருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு எல்லைக்கோட்டை நாம் தாண்டினால்தான் நிற்பார்கள். அப்படியானால் பொறுமையாக ஆடுபவனுக்கு என்ன மரியாதை?

அப்புறம் கதையில் வரும் அந்தப் பெயரில்லாத மத்தியக் கிழக்கு நாடு. தொடக்கக் கார் பயணத்தில் தெருவில் ஜனங்கள் தெரிவார்கள், அமெரிக்கப் படை இறங்கியதும் பார்த்தால் ஊரில் பெரும்பாலும் சுடப்படவேண்டியவர்கள் மட்டும்தான். இது எனக்கு உறுத்தல்.

பலர் சேர்ந்து ஒருவரோடொருவர் மோதி ஆடுவது சுவாரசியம்தான், சரி. சாகாமல் தொடர்ந்து 3 பேரைக் கொன்றால் பரிசாக உளவு விமானம், 5-க்கு வான்தாக்குதல், 7-க்கு ஹெலிகாப்டர். ஏற்கெனவே ஜெயிப்பவனுக்கே மேலும் அள்ளிக் கொடுத்தால் புதிதாக வந்தவன் எப்படித்தான் ஆடுவது?