பசங்கள கூட்டிட்டுப் போடா – தம்பிக்கு ஒரு கடிதம்

டேய் தம்பி,

"பசங்க இன்னும் சின்னதுங்க, இப்ப எங்க கூட்டிட்டுப் போனாலும் ஞாபகம் இருக்காது, காசுதான் வேஸ்ட், பெருசானதும் பாத்துக்கலாம்"னு போன்ல சொன்னேல்ல. அப்பவே பதில் சொல்லிருப்பேன், நீ குறுக்க குறுக்க பேசுவ, அதான் எழுதுறேன். ஊருக்கே தெரியுற மாதிரி எழுதுறேன்னு கோச்சுக்காத, உன்ன மாதிரி நெனைக்கிற அப்பன்காரங்க நெறைய பேரு இருக்காங்க.

நம்ம ராமேஸ்வரம் போனது உனக்கு சுத்தமா ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தை. எனக்கு ஒண்ணாங்கிளாஸ் லீவு. ரோடு பாலம் 1988லயே வந்துருச்சு, மதுரைல இருந்து பஸ்ல போனா சீக்கிரம் போயிரலாம்னு தாத்தா சொல்லியும் அப்பா கேக்கல, ரயில்லதான் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அப்ப மீட்டர்கேஜ், ஊர்ந்துக்கிட்டே போகும். மண்டபம் தாண்டுனதும் என்ன உலுக்கி எழுப்பி ஜன்னல்கிட்ட நிக்க வச்சாரு. கம்பில மூஞ்சிய அழுத்திக் கீழ பாத்தா கைப்பிடிச் சுவரும் இல்ல ஒண்ணும் இல்ல, நேரா தண்ணி. கன்னத்துல துரு அப்பிக்கிச்சு, அம்மா முந்தானைல எச்சி தொட்டுத் தொடச்சு விட்டுச்சு, நான் திரும்பக்கூட இல்ல. இந்தப் பாம்பன் ரயில் பாலம் 1914ல கட்டுனது, கப்பல் வந்தா நடுவுல ரெண்டாப் பிரிஞ்சு மேல தூக்கும், அதையும் ஆளுங்க கையாலயே சுத்தித்தான் தூக்குவாங்கன்னு அப்பா காதுக்குள்ள கத்திக்கிட்டே வந்தாரு.

கோயில் ஞாபகம் இருக்கான்னு கேட்டா, சாமியப் பாத்தேனான்னே தெரியல. 22 தீர்த்தத்துல வாளி வாளியா ஊத்துனதுல பல்லு கிடுகிடுன்னு அடிச்சது மட்டும் இருக்கு. அப்புறம் தனுஷ்கோடி. அப்பல்லாம் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு கிடையாது, ஒரு ஓட்டை வேன் மணல்லயும் தண்ணிலயும் முக்கி முக்கிப் போச்சு. இடிஞ்ச சர்ச் பக்கத்துல நின்னுக்கிட்டு அப்பா சொன்னாரு, முன்னாடி எக்மோர்ல ரயில் ஏறுனா இங்க வந்து எறங்கி, கப்பல்ல தலைமன்னார் போயி, அங்க இருந்து மறுபடி ரயில் புடிச்சுக் கொழும்பு போயிரலாமாம், போட் மெயில்னு பேராம், 1964 டிசம்பர் புயல்ல ஊரும் போச்சு, பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலும் ஆளோட கடல்ல போச்சு. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அந்தப் பக்கம் இன்னும் ரயில் இருக்காப்பா?" அப்பா, "தெரியலையே, நீ பெருசாகிப் போயிப் பாத்துட்டு வந்து சொல்லு"ன்னாரு.

போனேன்டா. இலங்கைல நடந்த சண்டையால 1990ல நின்னுபோன தலைமன்னார் லைன 2015ல திரும்ப ஓட விட்டாங்கன்னு படிச்சதும் எனக்கு இருப்புக் கொள்ளல. கொழும்பு கோட்டைல ஏறி, அனுராதபுரம், மதவாச்சி, மன்னார்னு தாண்டிக் கடைசி ஸ்டேஷன்ல எறங்குனேன். கொஞ்ச தூரம் நடந்தா பழைய இறங்குதுறை, கப்பலுக்காகக் கட்டுனது, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு உடைஞ்சு கெடக்கு. எதிர்க்கரைல முப்பது கிலோமீட்டர்ல தனுஷ்கோடி. அங்க இருந்தே அப்பாக்கு போன் போட்டு "ரயில் இருக்குப்பா"ன்னேன். அவருக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல, அப்புறம் "பிளாட்பாரம் எப்படி இருக்கு, வண்டி டைமுக்கு வந்துச்சா"ன்னு ஆரம்பிச்சுட்டாரு பாரு!

நீ சொல்ற ஞாபகம்ங்கிறது ஆல்பம் ஞாபகம். எந்த ஊரு, எந்த வருசம், என்ன பாத்தோம்னு ஒப்பிக்கிறது. அது போனாப் போகட்டும்டா. ஒரு கேள்வி உள்ள விழுந்துருச்சுன்னா அது புள்ளைய சும்மா உக்கார விடாது, இந்த ஆறு எங்க போகுது, இந்த ரோடு முடியுற எடத்துல என்ன இருக்குன்னு நச்சரிச்சுக்கிட்டே இருக்கும். நான் சம்பாதிக்கிறத எல்லாம் டிக்கெட்லயே விடுறேன்னு அம்மா புலம்புதே, அதுக்கு மூல காரணம் அம்மா புருசன்தான். ஆனா ஒண்ணு, ரிசார்ட்ல ரூம் போட்டுப் பசங்கள நீச்சல் குளத்துல விட்டுட்டு நீ போன் நோண்டுறதையெல்லாம் டூர்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

ராமேஸ்வரத்துலயே ஆரம்பி. 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயில நிறுத்துனவங்க, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தெறந்துட்டாங்க, இது நடுவுல லிஃப்ட் மாதிரி அப்படியே நேரா மேல போகும், சின்னவன் வாயப் பொளந்துருவான். கார எடுக்காத, ஓட்டுற உனக்கு ரோடு மட்டும்தான் தெரியும். பகல் வண்டி பாரு, ஏசி வேணாம், கண்ணாடிக்குள்ள இருந்து பாத்தா காத்து வராது. தீர்த்தத்துக்கு மாத்துத் துணி ரெண்டு செட் எக்ஸ்ட்ரா வை. போகும்போது பாப்பாக்கு ஜன்னல், வரும்போது சின்னவனுக்கு, இத வீட்லயே பேசி முடிச்சுரு. அம்மாவையும் கூப்பிடு, வரமாட்டேன்னுதான் சொல்லும், ஆனா மொத ஆளா பைய கட்டி வச்சுட்டு உக்காந்திருக்கும். தேதி சொல்லு, நானும் லீவு போடணும்.

அக்கா