அவ தப்பிச்சாளா இல்லையான்னு சண்டை போடுறவங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளா உங்க வாசகர் கடிதம் பகுதியில, ஆறு தோழிங்க ஒரு குகைக்குள்ள மாட்டிக்கிட்டு அங்க இருக்கிற ஜந்துங்ககிட்ட சிக்குற 'தி டிசென்ட்' படத்துக்காக நடக்கிற சண்டையை படிச்சுட்டு வர்றேன் சார். உங்க சினிமா பக்கத்துல பூமிக்கு அடியில நடக்கிற திகில் படங்களைப் பத்தி வந்த கட்டுரை தான் இதை ஆரம்பிச்சு வச்சது. ஒருத்தர் இந்த மாதிரி பயமுறுத்துன படமே கிடையாதுங்கறார், இன்னொருத்தர் பாதிப் படம் வரைக்கும் ஆறு பொண்ணுங்க பாறைக்குள்ள தவழ்ந்துக்கிட்டே இருக்காங்க எனக்கு தூக்கம் வந்துருச்சுங்கறார், மூணாவதா ஒருத்தர் குகை வரைக்கும் சூப்பர் ஆனா அந்த வெள்ளை ஜந்துங்க வந்ததும் படம் சப்புன்னு ஆயிடுச்சுங்கறார். இதெல்லாம் கூட ரசனை, விட்டுடலாம். ஆனா ஒரு கடிதத்துல "அதான் கடைசியில கதாநாயகி தப்பிச்சு கார்ல போயிடுறாளே, இதுல என்ன பெரிய திகில்"னு வந்துச்சு, அதுக்கு அடுத்த வாரமே "தப்பிச்சாளா, ஐயா படத்தை முழுசா பார்த்தீங்களா இல்ல பாதியில எந்திரிச்சு போயிட்டீங்களா"ன்னு ஒரு பதில். ரெண்டு பேருமே பொய் சொல்லலை. ரெண்டு பேரும் பார்த்தது வேற வேற படம், அவ்வளவுதான்.

படம் பார்க்காதவங்க யாராவது இதை படிச்சுட்டு இருந்தா இத்தோட நிறுத்திக்கங்க, முடிவை சொல்லாம இதுக்கு மேல பேச முடியாது.

நீல் மார்ஷல் எடுத்த இந்தப் படம் பிரிட்டன்ல ரிலீஸ் ஆனது 2005 ஜூலையில. அமெரிக்காவுக்கு போனது 2006 ஆகஸ்ட்ல. இந்த ஒரு வருஷ இடைவெளியில கடைசியில இருந்து சுமாரா ஒரு நிமிஷத்தை வெட்டிட்டாங்க. ஒரு நிமிஷம் தானேன்னு நினைக்காதீங்க, அந்த ஒரு நிமிஷம் தான் மொத்தப் படமும். ரெண்டு வெர்ஷன்லயும் கதாநாயகி சாரா எலும்புக் குவியல் மேல ஏறி வெளிச்சத்தைப் பார்த்து மண்ணை பிளந்துக்கிட்டு வெளிய வர்றா, ஓடிப்போய் கார்ல ஏறுறா, கொஞ்ச தூரம் போய் நிறுத்தி வாந்தி எடுக்கிறா, திரும்பிப் பார்த்தா பக்கத்து சீட்ல, குகையிலயே விட்டுட்டு வந்த தோழி ஜூனோ ரத்தத்தோட உட்கார்ந்திருக்கா. அமெரிக்க வெர்ஷன் அதோட கட். பிரிட்டிஷ் வெர்ஷன்ல தான் அதுக்கப்புறம் சாரா கண்ணு முழிக்கிறா, எங்க முழிக்கிறா, அதே குகையில! வெளிய வந்தது காரு வாந்தி எல்லாமே அவ மனசு காட்டுன படம். எதிர்ல செத்துப்போன அவ பொண்ணு பிறந்தநாள் கேக்கோட உட்கார்ந்திருக்கு, இவ அதைப் பார்த்து சிரிக்கிறா, கேமரா பின்னாடி பின்னாடி போகப்போக அந்தக் குகையோட இருட்டுல இவ எவ்வளவு சின்னதா ஆயிடுறான்னு தெரியும், சுத்தி ஜந்துங்களோட சத்தம் மட்டும் கேட்கும்.

இப்ப சொல்லுங்க, அமெரிக்க வெர்ஷனை பார்த்தவருக்கு இது ஒரு பொண்ணு உயிர் தப்பிச்ச கதை, கடைசியில ஒரு சின்ன ஜெர்க், அவ்வளவுதான். பிரிட்டிஷ் வெர்ஷனைப் பார்த்தவருக்கு இது புருஷனையும் குழந்தையையும் கார் ஆக்சிடென்ட்ல பறிகொடுத்தவ அந்த நாள்ல இருந்து வெளியவே வராத கதை. ரெண்டு பேரும் ஒரே பேரை வச்சுக்கிட்டு சண்டை போட்டா எப்படி முடியும்? இதுல இன்னொரு கூத்து, 2009ல வந்த ரெண்டாம் பாகம் அமெரிக்க முடிவுல இருந்து தான் ஆரம்பிக்குது, சாரா வெளிய வந்துட்டாங்கற கணக்குல. அதனால அதைப் பார்த்தவங்க எல்லாம் "பாருங்க நான் தான் சொன்னேன்ல"ன்னு ஆதாரம் காட்டுவாங்க. அது ஆதாரம் இல்லை சார், அது வியாபாரம். செத்துப்போனவளை வச்சு ரெண்டாம் பாகம் எடுக்க முடியாதே.

உங்க கட்டுரையில இந்த ரெண்டு முடிவு விஷயம் ஒரு வரி கூட இல்லை. அது தான் என்னை எழுத வச்சது.

சரி, அடுத்த சண்டைக்கு வர்றேன், ஜந்து வேணுமா வேணாமா. படத்துல பாதி ஓடுற வரைக்கும் அதுங்க சரியா கண்ணுல படாது, அங்கங்க ஒரு நிழல், ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு தோழி பெத் பக்கத்துல நிக்கும்போது வீடியோ கேமராவோட நைட் விஷன்ல, அதாவது இருட்டுல பார்க்கிற வசதியில, பச்சையா ஒண்ணு பின்னாடி நிக்கும் பாருங்க, அப்பதான் முதல் தடவையா கிட்டத்துல பார்ப்போம். அந்த நடிகைகளே அதுக்கு முன்னாடி ஜந்து வேஷம் போட்டவங்களை மேக்கப்போட பார்க்காம தான் வச்சிருந்தாங்களாம், அந்த அலறல்ல பாதி நிஜம். போர் அடிச்சுதுன்னு சொல்றவங்க இந்த இடம் வரைக்கும் காத்திருக்க முடியலைங்கறாங்க, ஜந்து வந்ததும் போச்சுன்னு சொல்றவங்க இந்த இடத்தோட படம் முடிஞ்சிருக்கணுங்கறாங்க. கேட்க எதிரும் புதிருமா இருக்கு, ஆனா ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை தான் சொல்றாங்கன்னு எனக்கு படுது. பாறையை எதிர்த்து ஒண்ணும் பண்ண முடியாது. ஜந்தை அடிக்கலாம், குத்தலாம், கொல்லலாம். அது வந்ததும் நமக்கு ஒரு நிம்மதி வருது பாருங்க, சிலருக்கு அந்த நிம்மதி தேவைப்படுது, சிலருக்கு அந்த நிம்மதியே பிடிக்கலை.

சாரா அந்த இடுக்குல மாட்டிக்கிற சீனை நினைச்சுப் பாருங்க. யாரும் துரத்தலை, மியூசிக் போட்டு மிரட்டலை. குப்புறப் படுத்து ஊர்ந்து போறவளுக்கு முன்னாடியும் போக முடியலை பின்னாடியும் வர முடியலை, மூச்சு வேகமாகுது, வேகமா மூச்சு விட்டா நெஞ்சு விரியுது, நெஞ்சு விரிஞ்சா பாறை இன்னும் அழுத்துது. பதட்டமே பூட்டு ஆயிடுது. பெத் திரும்பி ஊர்ந்து வந்து அவ முகத்துக்கு நேரா படுத்துக்கிட்டு ஒரு அசட்டு ஜோக்கு சொல்லி, உனக்கு நடக்கக்கூடிய மோசமானது ஏற்கெனவே நடந்து முடிஞ்சாச்சு இது வெறும் குகைங்கற மாதிரி பேசித்தான் அவளை அசைய வைக்கிறா. நான் அந்த சீன்ல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், முதுகுல சட்டை ஒட்டிக்கிச்சு. இதைப் பார்த்துட்டு ஒருத்தர் "எப்ப பேய் வரும்"னு கேட்டா நான் என்னத்த சொல்றது.

இதெல்லாம் சினிமா, நிஜத்துல யாராவது அப்படி மாட்டுவாங்களான்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1925ல அமெரிக்காவுல கென்டக்கியில ஃபிளாய்ட் காலின்ஸ்னு ஒருத்தர், குகை குகையா சுத்தி அனுபவப்பட்டவர், தனியா ஒரு இடுக்குக்குள்ள இறங்குனார். ஒரு கல்லு விழுந்து கால் மாட்டிக்கிச்சு. பெரிய பாறை எல்லாம் இல்லைங்க, சுமார் 12 கிலோ தான். வெளியில நின்னா ஒரு கையால தள்ளிவிட்டுருவோம், உள்ள அவரால திரும்பக்கூட முடியலை. ஆளுங்க ஊர்ந்து போய் அவர்கிட்ட பேசுற தூரத்துல இருந்தாங்க, சாப்பாடு குடுத்தாங்க, பத்திரிகைக்காரர் ஒருத்தர் உள்ள போய் பேட்டியே எடுத்தார், நாடே செய்தியைப் படிச்சுட்டு இருந்துச்சு, ஆனா காலை எடுக்க முடியலை. கடைசியில பக்கத்துல தனியா ஒரு குழி தோண்டி அவர்கிட்ட போய் சேர்ந்தப்போ அவர் இறந்துட்டார். இதுல எந்த ஜந்தும் இல்லை.

குகைக்கு போறவங்க எந்தக் குகைக்கு போறோம் எப்ப திரும்புவோம்னு வெளிய ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு போறது அடிப்படை விதி. படத்துல ஜூனோ பண்றதே அந்த விதியை உடைக்கிறது தான். தெரிஞ்ச குகைன்னு சொல்லி கூட்டிட்டு வந்து யாரும் போகாத குகைக்குள்ள இறக்கிடுறா, வழி இடிஞ்சு மூடுனதுக்கு அப்புறம் தான் உண்மையை சொல்றா, அதாவது தேடி யாரும் வரப்போறதில்லை. திகில் அங்கயே முழுசா வந்துருச்சு எனக்கு. இங்கயும் ரசிகர்கள் ரெண்டு கட்சி. ஜூனோ சரியான துரோகின்னு ஒரு கட்சி, சாராவோட புருஷனோடயும் அவளுக்கு தொடர்பு இருந்திருக்கு, பெத்தை தெரியாம குத்திட்டு அப்படியே விட்டுட்டு வேற வந்துட்டா. இன்னொரு கட்சி, கடைசி வரைக்கும் சாராவை விட்டுட்டு போக மாட்டேன்னு நின்னது ஜூனோ தான், அவ கால்ல குத்தி ஜந்துங்களுக்கு நடுவுல விட்டுட்டு போனது சாரா தான், அப்ப யாரு துரோகின்னு கேட்கிறாங்க. நான் ரெண்டாவது கட்சி பக்கம் கொஞ்சம் சாய்வேன், ஆனா சாராவை திட்டவும் மனசு வரலை.

"செட் போட்டு எடுத்த குகையில என்ன பயம் வரும், நிஜ சுரங்கத்துல எடுத்தா தான் வரும்"னு ஒரு கடிதம். ஆமா, இது பைன்வுட் ஸ்டுடியோவுல கட்டுன குகை தான், நிஜக் குகைக்குள்ள ஆளுங்களை வச்சு எடுக்கிறது ஆபத்துன்னு செட் போட்டாங்க. ஆனா ஹெல்மெட் லைட்டு, சிவப்பு ஃப்ளேர், பச்சை குச்சி லைட்டுன்னு அவங்க கையில இருக்கிற வெளிச்சம் தான் திரையில தெரியுது, அதுக்கு வெளிய எல்லாம் கருப்பு. ஒருத்தி லைட்டு அணைஞ்சா திரையில ஒரு மூலை செத்துப்போகுது. 2014ல ஒரு படம் பாரிஸ் நகரத்துக்கு அடியில 60 லட்சம் பேரோட எலும்பு கிடக்கிற நிஜ சுரங்கத்துக்குள்ளயே போய் எடுத்தாங்க, அதுக்கும் இதே மாதிரி பாதிப் பேரு ஆஹாங்கறான், பாதிப் பேரு கேமரா ஆடி ஆடி தலைவலி வந்துச்சுங்கறான். நிஜமா செட்டாங்கறது பிரச்சனையே இல்லை, இருட்டை எப்படி வச்சிருக்காங்கங்கறது தான்.

குறையே இல்லாத படம்னு சொல்ல வரலை. ஆறு பேர்ல சாரா, ஜூனோ, பெத் தவிர மத்த மூணு பேரை மனசுல நிறுத்துறதுக்குள்ள ஆளு காலி, ஹாலியை மட்டும் கால் உடையிற சீனுக்காக ஞாபகம் இருக்கும். ரெண்டாவது பாதியில வெட்டு வெட்டுன்னு வெட்டி எடிட் பண்ணதுல யாரு யாரை குத்துறாங்கன்னே சில இடத்துல புரியலை. ரத்தக் குட்டையில முங்கி எந்திரிக்கிறதெல்லாம் கொஞ்சம் ஓவர் தான். கண்ணு தெரியாத ஜந்து, சத்தத்தை வச்சு தான் வேட்டையாடும்னு சொல்லிட்டு, பக்கத்துலயே நின்னு மூச்சு வாங்குறவளை விட்டுட்டு போகுது, அது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துது. போர் அடிச்சுதுன்னு எழுதுனவர் இதை கேட்டிருந்தா நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன்.

இந்தப் படத்தை முதல்ல பார்த்தவங்க என்ன நிலைமையில பார்த்தாங்கங்கறதையும் யாரும் பேசலை. பிரிட்டன்ல ரிலீஸ் ஆனது ஜூலை 8. அதுக்கு முந்தின நாள் தான் லண்டன்ல மூணு சுரங்க ரயில்லயும் ஒரு பஸ்லயும் குண்டு வெடிச்சு 52 பேர் செத்தது. நேத்து வரைக்கும் வேலைக்கு போற வழியா இருந்த சுரங்கம், மறுநாள் தியேட்டர்ல பூமிக்கு அடியில மாட்டிக்கிட்டு கத்துற பொண்ணோட படம். படத்தோட விளம்பரத்தையே அவசரமா மாத்த வேண்டி வந்துச்சு. அந்த வாரம் பார்த்தவன் பயமும் பல வருஷம் கழிச்சு வீட்ல சோபாவுல படுத்துக்கிட்டு நடுவுல நடுவுல போன் நோண்டிக்கிட்டே பார்க்கிறவன் பயமும் எப்படி ஒண்ணா இருக்கும், நீங்களே சொல்லுங்க. லைட்டு போட்டுட்டு பார்த்துட்டு பயமே வரலைன்னு கடிதம் எழுதுறவங்களை நான் கணக்குல சேர்க்கிறதில்லை, மன்னிக்கணும்.

ஆசிரியருக்கு என்னோட கோரிக்கை இது தான். இந்த விவாதத்தை தொடரப்போறீங்கன்னா அடுத்த வாரம் கட்டுரையாளரை விட்டு ரெண்டு முடிவையும் பத்தி ஒரு பத்தி எழுத சொல்லுங்க, அவர் பார்த்தது எதுன்னும் சொல்ல சொல்லுங்க. கடிதம் எழுதுறவங்களும் எந்த வெர்ஷனை பார்த்தோம்னு முதல்லயே எழுதட்டும், கடைசி சீன் காரா கேக்கான்னு ஒரு வார்த்தை போட்டா போதும். நான் பார்த்தது கேக்.

இப்படிக்கு,
சினிமா பக்கத்தை முதல்ல புரட்டுற உங்க வாசகன்