ஐந்து இடம் வேண்டாம், ஒரு குளம் போதும்

தலைமை ஆசிரியர்களுக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அறிவியல் சுற்றுலா என்றாலே பட்டியலில் ஐந்து இடங்கள் வந்துவிடுகின்றன. ஏறி இறங்கி, வரிசையில் நின்று, தலை எண்ணுவதிலேயே பொழுது போய்விடுகிறது. ஒரே இடத்துக்குப் போங்கள், மூன்று மணி நேரம் அங்கேயே இருங்கள், பிள்ளைகள் எதையாவது தங்கள் கையால் அளக்கட்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். பள்ளிக்குப் பின்னால் உள்ள புல்தரைகூடப் போதும்.

புல்தரைக்கு ஒரு சதுரச் சட்டம் வேண்டும். நான்கு பிவிசி குழாய், மூலைகளை இணைக்க நான்கு எல்போ. எல்போ சேர்ந்ததும் அளவு மாறிவிடும். பொருத்திப் பார்த்து, உள்பக்கம் சரியாக 50 செ.மீ. வரும்படி குழாயை வெட்டுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள், கழற்றினால் பையில் அடங்கும். 10 செ.மீ.க்கு ஒரு துளையிட்டு நூல் கட்டினால் 25 கட்டங்கள்; ஒரு கட்டம் 4 சதவீதம். பாதிக்கு மேல் செடி மூடிய கட்டங்களை எண்ணி நான்கால் பெருக்கினால் அச்செடியின் பரப்பு ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

சட்டத்தைத் தூக்கி எறிந்து இடம் தேர்வது பல பள்ளிகளில் வழக்கம். எறிகிறவர் கை தானாகவே பூ இருக்கும் பக்கம் போகும். யார் காலிலாவது விழவும் செய்யும். இரண்டு அளவு நாடாக்களைச் செங்கோணமாக விரித்து, 0 முதல் 9 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி, ஒரு நாடாவுக்கு ஒரு எண் எடுங்கள்; இரண்டு எண்ணும் சந்திக்கும் இடத்தில் சட்டத்தை வையுங்கள். வெறுந்தரையில் விழுந்தாலும் அதுவும் கணக்குதான்.

குளம் என்றால் முதலில் வெப்பமானி. பலர் அதை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிப்பார்கள். குமிழில் ஒட்டிய ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகும். அளவு இறங்கிக்கொண்டே இருக்கும். குமிழ் நீருக்குள் இருக்கும்போதே படிக்க வேண்டும். மேற்பரப்பில் ஒன்று, 30 செ.மீ. ஆழத்தில் ஒன்று, ஒவ்வொன்றும் மூன்று முறை. குறிப்பெடுக்கப் பென்சில்; பேனா மை நீர் பட்டால் கரையலாம்.

அடுத்து குளத்தில் வலை விடுங்கள். வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில், இரண்டு விரற்கடை குளத்து நீரில் விடுங்கள். சிவப்பாக நெளியும் புழு அகப்பட்டால் ஏன் சிவப்பு என்று கேளுங்கள். நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கும். அது இருப்பதாலேயே குளம் கெட்டது என்று எழுதவிடாதீர்கள்; வேறெதுவும் இல்லாமல் அது மட்டும் மொய்த்தால்தான் சந்தேகம். தட்டு நிழலில் இருக்கட்டும்: நீர் சூடானால் கரைந்த ஆக்சிஜன் குறையும், உயிர்கள் துவளும். அரை மணிக்குள் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். முழங்காலுக்கு மேல் நீரில் யாரும் இறங்க வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால், பெரும்பாலும் இடம் புதிது என்பதுதான் காரணம். ஓரியன், ஹாஃப்ஸ்டீன் என்ற இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பேசுகிறது: பாடம் புதிது, இடம் புதிது, நாள் எப்படிப் போகும் என்பதும் புதிது, மூன்றையும் முன்பே குறைத்தால் கற்றல் கூடுகிறது. ஆகவே ஒரு வாரம் முன்னதாக, அதே நேரத்தில், ஆசிரியர் ஒருவர் போய்ப் படம் எடுத்து வரட்டும். கழிப்பறை எங்கே, சாப்பாடு எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். வெப்பமானியையும் சட்டத்தையும் முதல் நாளே கையில் கொடுத்துப் பழக்குங்கள். அருங்காட்சியகமே என்றாலும் முப்பது கோடிட்ட இடம் உள்ள தாளைக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் பொருளை விட்டுவிட்டு அதன் கீழுள்ள பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதுவார்கள். மூன்று பொருளை வரையச் சொன்னால் போதும்.

திரும்பிய இரண்டு நாளுக்குள் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். எல்லாக் குழுக்களின் எண்களும் கரும்பலகைக்கு வரட்டும். ஒரு குழுவின் அளவு மட்டும் ஒட்டாமல் நின்றால் அழிக்காதீர்கள். வெப்பமானியை எங்கே பிடித்துப் படித்தார்கள் என்று அந்தக் குழுவையே கேளுங்கள்.

அடுத்த சுற்றுலாப் பட்டியலில் நான்கு இடங்களை அடித்துவிட்டு அனுமதிக் கடிதம் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
களப்பயணம் நடத்தும் அறிவியல் ஆசிரியர்கள்