காசு வாங்காத காலேஜ்னா மட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல அமெரிக்கால காலேஜ் படிக்க வைக்கற செலவைப் பத்தி ஒரு வாசகர் எழுதியிருந்தார். காலேஜுக்குன்னே சேத்து வச்ச 529 சேவிங்ஸ் பத்தல, லோன் போட்டோம், கடைசியில ஊர்ல இருந்த மனையையும் வித்தோம்னு. படிக்கும்போதே வயித்தைப் பிசைஞ்சுது. ஆனா அவரும் எங்களை மாதிரி மினசோட்டாலதான் இருக்கார், ரெண்டு பசங்களும் இங்க பப்ளிக் ஸ்கூல்லதான் படிச்சாங்களாம், அப்படியிருந்தும் அந்தக் கடிதத்துல, ஹைஸ்கூல் படிக்கும்போதே இலவசமா காலேஜ் பாடம் எடுக்க விடற பிஎஸ்இஓங்கற திட்டத்தோட பேர் ஒரு இடத்துலகூட வரல. அவரைக் குத்தம் சொல்லல, எங்க மூத்தவ ஹைஸ்கூல் முடிக்கற வரைக்கும் எங்களுக்கும் அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ரெண்டாவது பையன் விஷயத்துலதான் கண்ணு தொறந்துது. அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போனா மன்னிச்சிருங்க.

பிஎஸ்இஓன்னா போஸ்ட் செகண்டரி என்ரோல்மென்ட் ஆப்ஷன்ஸ். பதினொண்ணாங் கிளாஸ், பன்னெண்டாங் கிளாஸ் படிக்கற பிள்ளைங்க ஸ்கூல்ல உக்காராம நேரா காலேஜுக்கே போய் (இல்ல ஆன்லைன்ல) பாடம் எடுத்துக்கலாம். ட்யூஷன் கிடையாது, ஃபீஸ் கிடையாது, பாடப் புஸ்தகம்கூட அவங்களே தந்துருவாங்க, செமஸ்டர் முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கணும் அவ்வளவுதான். அந்த மார்க் ஹைஸ்கூல் கணக்குலயும் ஏறும், காலேஜ் கணக்குலயும் ஏறும். காலேஜ்ல பாடத்தை கிரெடிட்னு ஒரு அளவுல எண்ணுவாங்க, நாலு கிரெடிட் எடுத்தா அது ஸ்கூல்ல ஒரு முழு வருஷப் பாடத்துக்குச் சமம்னு சட்டத்துலயே இருக்கு, அதாவது ஸ்கூல்ல ஒம்பது மாசம் படிக்கறதை இங்க நாலு மாசத்துல முடிச்சிடறாங்க. இது நேத்து வந்த திட்டமும் இல்ல. 1985ல ரூடி பெர்பிச் கவர்னரா இருந்தப்ப கொண்டுவந்தது, நாட்டுலயே இந்த மாதிரி சட்டம் முதல்ல போட்டது மினசோட்டாதான். நாப்பது வருஷம் ஆச்சு, நம்ம ஆளுங்க காதுக்கு இன்னும் வந்து சேரல.

இன்னொண்ணு, இதுக்கு வருமான வரம்பு கிடையாது. நார்த் ஸ்டார் பிராமிஸ்னு 2024லேர்ந்து ஒரு ஸ்கீம் இருக்கு, ஸ்டேட் காலேஜ்ல ட்யூஷன் ஃப்ரீ, ஆனா அது குடும்ப வருமானம் 80,000 டாலருக்குக் கீழ இருக்கறவங்களுக்கு. புருஷனும் பொண்டாட்டியும் ஐடில இருந்தா அந்தக் கதவு சாத்திடும். பிஎஸ்இஓல அந்தக் கேள்வியே வராது.

அப்பறம் ஏன் நம்ம வீடுகள்ல யாரும் போகறதில்ல? எனக்குத் தெரிஞ்சு ரெண்டு காரணம்.

ஒண்ணு, ஸ்கூல் இதைப் பெருசா சொல்றதில்ல. எங்களுக்கு வந்தது கவுன்சலர்கிட்டேர்ந்து ஒரே ஒரு ஈமெயில், பதினோரு அயிட்டம் இருந்த லிஸ்ட்ல எட்டாவதா ஒரு வரி, அதுக்கு மேல பிராம் டான்ஸ் டிக்கெட், கீழ பார்க்கிங் பெர்மிட். சொன்னாங்களான்னா சொன்னாங்க. பிள்ளை காலேஜுக்குப் போயிட்டா அந்தப் பிள்ளைக்காக ஸ்கூலுக்கு வர ஸ்டேட் பணத்துல பெரும்பங்கு குறைஞ்சுரும்ங்கறது பின்னாடிதான் புரிஞ்சுது. தன் கடைக்கு வர கஸ்டமரை எதிர்க் கடைக்கு அனுப்பணும்னா யாரு மைக் வச்சு சொல்லுவா. அதே நேரம் ஸ்கூலுக்குள்ளயே ஸ்கூல் வாத்தியாரே நடத்தற காலேஜ் கிரெடிட் கிளாஸ் இருக்கு, அதுக்கு மட்டும் போஸ்டர் ஒட்டறாங்க. அதுவும் நல்லதுதான், இல்லைங்கல.

ரெண்டாவது காரணம் நாமதான். பையன் பிஎஸ்இஓ போறான்னு ஆளுக்கொண்ணு சமைச்சுக் கொண்டுவர ஒரு பாட்லக்ல நான் சொன்னப்ப, இட்லி எடுத்துட்டிருந்த ஒரு அக்கா அப்படியே நின்னு, "ஏம்மா, ஏபி கிளாஸ் கெடைக்கலையா?"ன்னு கேட்டாங்க. (ஏபின்னா ஸ்கூல்லயே நடத்தற காலேஜ் லெவல் பாடம்.) அந்தக் குரல்ல இருந்த பரிதாபம் இருக்கே! கம்யூனிட்டி காலேஜ்னாலே (ரெண்டு வருஷப் படிப்பு தர உள்ளூர் அரசாங்க காலேஜ், எங்க பையன் போனதும் அதான்) ஏதோ ஃபெயிலானவங்க போற இடம்னு நமக்கு மனசுல பதிஞ்சுபோச்சு, அதுலயும் இலவசம்னுட்டா இன்னும் சந்தேகம். ரேஷன் அரிசியைப் பாக்கற மாதிரி பாக்கறோம். என் வீட்டுக்காரரே ஒரு மாசம் முகம் குடுத்துப் பேசல.

மூத்தவ எட்டு ஏபி எடுத்தா. வருஷம் முழுக்கப் படிச்சுட்டு மே மாசத்துல ஒரே ஒரு நாள் பரிட்சை, அதுல வாங்கற மார்க் வச்சுத்தான் கிரெடிட் உண்டா இல்லையான்னு முடிவு. பரிட்சை அன்னிக்கு அவளுக்கு நல்ல ஜுரம், ஏபி கெமிஸ்ட்ரில அஞ்சுக்கு ரெண்டுதான் வந்துது, ஒரு வருஷ உழைப்புக்கு ஒரு கிரெடிட்டும் இல்ல. பிஎஸ்இஓல அப்படி இல்ல, மத்த காலேஜ் ஸ்டூடண்ட் மாதிரி செமஸ்டர் முழுக்க அசைன்மென்ட், குவிஸ், பேப்பர் எல்லாம் சேர்த்துத்தான் கிரேடு. பாஸானா கிரெடிட் கையில.

ஆனா இதுல இனிப்பு மட்டும்தான் இருக்குன்னு நான் எழுதினா அது பொய். பையனோட மொத செமஸ்டரைப் பத்திச் சொல்றேன்.

அவன் காம்போசிஷன், கால்குலஸ், சைக்காலஜினு மூணு எடுத்தான். சைக்காலஜி ஆன்லைன், கிளாஸ்னு ஒண்ணு கிடையாது, டி2எல்னு ஒரு சைட் இருக்கு அதுல எல்லாம் போட்டு வச்சிருப்பாங்க, நீயா படிச்சு நீயா சப்மிட் பண்ணணும். மூணு கோர்ஸ்தானேன்னு இவன் மத்தியானம் ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்து கேம் விளையாடறதும் தூங்கறதும்னு இருந்தான், நானும் காலேஜ் போற பிள்ளைன்னு பேசாம விட்டுட்டேன். ஸ்கூல்ல லேட்டா குடுத்தா வாங்கிப்பாங்க, டெஸ்ட்ல கொறஞ்சா திரும்ப எழுத விடுவாங்க, அந்தப் பழக்கத்துல வளந்தவன். இங்க ராத்திரி 11:59ன்னா 11:59தான், அதுக்கு மேல பெட்டி மூடிக்கும். அக்டோபர் கடைசியில பாத்தா மூணு அசைன்மென்ட் சைபர். நான் பதறிப்போய் காலேஜுக்கு ஃபோன் பண்ணினேன். அந்தப் பக்கம் இருந்த பொண்ணு ரொம்ப மரியாதையா, உங்க பையனோட அனுமதி இல்லாம நான் எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டா. பதினாறு வயசுப் பையன், நான் பெத்த பிள்ளை, எனக்கே சொல்ல மாட்டாளாம்! ஃபெர்பான்னு ஒரு சட்டம் இருக்கு, காலேஜ்ல சேந்துட்டா வயசு எத்தனையா இருந்தாலும் அந்த ரெக்கார்டு பிள்ளையோட உரிமை. அன்னிக்கு வந்த கோவத்துல சமைக்கவே இல்ல, எல்லாரும் பால்ல சீரியல் போட்டுத்தான் சாப்பிட்டாங்க.

கடைசியில அந்தக் கோர்ஸ்ல ‘சி’ வாங்கினான். அந்த ‘சி’ அழியாது. ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட்லயும் (மார்க் ஷீட்) இருக்கும், காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்லயும் இருக்கும். பாதியில விட்டா ‘டபிள்யூ’ன்னு விழும், அதுவும் அங்கயேதான் நிக்கும். டாக்டர் கனவு இருக்கற வீட்டுக்காரங்க இதைக் கொஞ்சம் கவனமா படிங்க: மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணும்போது ஹைஸ்கூல் காலத்துல எடுத்த காலேஜ் கோர்ஸையும் சேத்துத்தான் ஜிபிஏ, அதாவது சராசரி கிரேடு, கணக்குப் போடறாங்க, பதினாறு வயசுல பண்ண சோம்பேறித்தனம் இருவத்திரெண்டு வயசுல வந்து முன்னால நிக்கும். அதே மாதிரி ஸ்கூல் முடிக்கத் தேவையான இங்கிலீஷை காலேஜ்ல எடுத்து ஃபெயிலாயிட்டா பன்னெண்டாவதுல டிப்ளமாவே (ஸ்கூல் முடிச்ச சான்றிதழ்) மாட்டிக்கும். அதனால மொத செமஸ்டர்லயே நிறைய எடுக்காதீங்க, ஒண்ணு ரெண்டு கோர்ஸ் எடுத்து மீதிய ஸ்கூல்லயே படிக்கலாம், முழு நேரமும் போகணும்னு கட்டாயம் இல்ல. ஸ்கூல் பேண்ட், டென்னிஸ் டீம் எல்லாம் தொடரலாம். எங்க பையன் மத்தியானம் வரைக்கும் காலேஜ்ல இருந்துட்டு மூணு மணிக்கு ஆர்கெஸ்ட்ராவுக்கு ஸ்கூலுக்குப் போயிருவான். காரு யாரு ஓட்டறதுங்கறது தனிக் கதை, ஜனவரில மைனஸ் இருவதுல காலையில கார் ஸ்டார்ட் ஆகறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிரும்.

ரெண்டாவது செமஸ்டர்லேர்ந்து ஆளே மாறிட்டான். நான் ஒண்ணும் பண்ணல, பண்ணவும் முடியாதே. அவனே புரொஃபசருக்கு ஈமெயில் எழுதி ஆஃபீஸ் அவர்ஸ்ல போய் உக்காந்தான். ஸ்பீச் கிளாஸ்ல குரூப் ப்ராஜெக்ட்ல அவன்கூட இருந்தது ஒரு சோமாலி அம்மா, மூணு குழந்தை, நர்சிங் ஹோம்ல ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா கிளாஸுக்கு வரவங்க. இன்னொருத்தர் ஆர்மிலேர்ந்து வெளிய வந்து நாப்பது வயசுல படிக்கறவர். அந்த அம்மா ஒரு நாள் கூட லேட்டா சப்மிட் பண்ணலையாம், "அம்மா, அவங்க கார்லயே உக்காந்து படிக்கறாங்கம்மா"ன்னு வந்து சொன்னான். நாங்க ரெண்டு பேரும் பத்து வருஷமா நேரத்தோட அருமையைப் பத்திப் பாடின பாட்டு அன்னிக்குத்தான் அவன் காதுல ஏறிச்சு. சப்டிவிஷன்ல நம்மள மாதிரியே இருக்கறவங்க பிள்ளைங்களோடவே வளந்தவனுக்கு இந்த ஆளுங்களை எந்த ஏபி கிளாஸ் காட்டியிருக்கும்?

பணக் கணக்குக்கு வரேன். ரெண்டு வருஷத்துல 46 கிரெடிட் முடிச்சான். கம்யூனிட்டி காலேஜ்ல கிரெடிட் சுமாரா 200 டாலர்னு வச்சாலே 9,000 டாலருக்கு மேல, அதையே யூனிவர்சிட்டில எடுத்திருந்தா ரெண்டு மூணு மடங்கு. மினசோட்டா டிரான்ஸ்ஃபர் கரிகுலம்னு 40 கிரெடிட், பத்து ஏரியா (பாடப் பிரிவு) கொண்ட ஒரு கட்டு இருக்கு, அதை முழுசா முடிச்சுட்டா இங்க இருக்கற எந்தப் பப்ளிக் யூனிவர்சிட்டிக்குப் போனாலும் பொதுப் பாடம் எல்லாம் முடிஞ்சதா எடுத்துப்பாங்க. கோர்ஸ் எடுக்கும்போதே அந்தக் கட்டுல இது எந்த ஏரியாவுக்குப் போகுதுன்னு பாத்து எடுக்கணும், சும்மா ஈஸியா இருக்குன்னு எடுத்தா கிரெடிட் இருக்கும், பிரயோஜனம் இருக்காது.

ஆனா ரெண்டு வருஷம் பிஎஸ்இஓ படிச்சாச்சு அதனால ரெண்டு வருஷத்துல டிகிரின்னு நினைக்காதீங்க. என் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதுல ஒரு கோர்ஸ் முடிச்சாத்தான் அடுத்ததுன்னு சங்கிலி மாதிரி போகும், அதனால மூணு வருஷம் ஆகும். வெளி ஸ்டேட், பெரிய பேர் இருக்கற பிரைவேட் யூனிவர்சிட்டி எல்லாம் இந்தக் கிரெடிட்டை அப்படியே எடுத்துப்பாங்கன்னு நம்பவும் வேணாம், ஸ்கூல் டிப்ளமாவுக்குக் கணக்குக் காட்டின கோர்ஸை நாங்க எடுக்க மாட்டோம்னு சொல்ற இடங்களும் உண்டு. ஹார்வர்டுதான்னு முடிவே பண்ணிட்டீங்கன்னா காசு மிச்சம்ங்கற காரணத்துக்காக இங்க வர வேணாம்.

விசாவுல இருக்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம்னு எனக்குத் தோணுது. ஹெச்4ல (ஹெச்1பி வேலை விசாக்காரங்க குடும்பத்துக்கான விசா) இருக்கற பிள்ளை தனியா ஸ்டூடண்ட் விசா எடுக்காமலே காலேஜ்ல படிக்கலாம். பிஎஸ்இஓ சட்டம் பேர் சொல்லி விலக்கி வச்சிருக்கறது எக்ஸ்சேஞ்ச் ப்ரோகிராம்ல வர வெளிநாட்டுப் பிள்ளைங்களைத்தான். கிரீன் கார்டு வரிசை நமக்கு எப்ப நகரும்னு யாருக்கும் தெரியாது, 21 வயசு ஆனா பிள்ளை ஹெச்4லேர்ந்து வெளிய விழுந்துரும், எஃப்1 ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறணும், இன்டர்நேஷனல் ஃபீஸ் வந்து தலையில இடிக்கும். 18 வயசுல பாதி டிகிரி கையில இருந்தா அந்த 21க்குள்ள ஓடி முடிக்க ஒரு வழி இருக்கு. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் இதுக்காகவே பொண்ணைப் பிஎஸ்இஓல போட்டாங்க, பொண்ணு இருவது வயசுல டிகிரி வாங்கிருச்சு.

மத்த ஸ்டேட்ல இருக்கற வாசகர்கள் நமக்கு இல்லையேன்னு நினைக்க வேணாம். வாஷிங்டன்ல ரன்னிங் ஸ்டார்ட்னு பேரு, ட்யூஷன் ஃப்ரீ, புஸ்தகமும் சில ஃபீஸும் நம்ம செலவு. ஃப்ளோரிடால பப்ளிக் ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் புஸ்தகமும் சேத்து ஃப்ரீ. ஜார்ஜியால 30 கிரெடிட் வரைக்கும் அரசாங்கம் குடுக்குது. டெக்ஸஸ்ல 2023லேர்ந்து, ஸ்கூல்ல இலவச லஞ்சுக்கோ கொறஞ்ச விலை லஞ்சுக்கோ தகுதியான பிள்ளைங்களுக்கு, திட்டத்துல சேந்த காலேஜ்கள்ல ஃப்ரீ. ரூல் இடத்துக்கு இடம் மாறும், டூயல் என்ரோல்மென்ட் (ஸ்கூல்ல இருக்கும்போதே காலேஜ் பாடம்)னு கவுன்சலர்கிட்ட வாயைத் தொறந்து கேட்டாத்தான் கதவு தொறக்கும்.

மினசோட்டாக்காரங்க ஒரு தேதியை இப்பவே காலண்டர்ல குறிச்சு வைங்க: மே 30. அடுத்த வருஷம் பிஎஸ்இஓ எடுக்கப் போறேன்னு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு அதுக்குள்ள சொல்லியாகணும், காலேஜோட அப்ளிகேஷன் தேதி அதுக்கும் முன்னாடியேகூட முடியலாம். நாங்க மொத தடவை மே 29 சாயங்காலம் ஓடிப்போய்க் குடுத்தோம்.

எங்க கடைக்குட்டி இப்ப ஒம்பதாவது படிக்கறா. பத்தாவதுலயே டெக்னிக்கல் கோர்ஸ் ஒண்ணு எடுக்கலாம், எட்டாவது ரீடிங் டெஸ்ட்ல பாஸாயிருந்தாப் போதும்னு அவளே தேடிக் கண்டுபிடிச்சுட்டா. வெல்டிங் படிக்கணுமாம். அவ அப்பா காஃபி டம்ளரைக் கீழ வச்சவர் இன்னும் வாயைத் தொறக்கல, ரெண்டு வாரம் ஆச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈகன், மினசோட்டா