பகடிப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களே, திரைக்கதை ஆசிரியர்களே,

பாசிசத்தையும் போர்வெறியையும் பகடி செய்து படமெடுக்கும் உங்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். "பகடி என்று புரியாதவன் அதை நிஜமாகவே ரசித்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

பால் வெர்ஹோவன் 1997இல் எடுத்த 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' படத்தைப் பாருங்கள். விண்வெளியில் ராட்சதப் பூச்சிகளோடு மனிதப் படை போரிடும் கதை. நாஜி ஆக்கிரமிப்பின் கீழ் சிறுவயதைக் கழித்தவர் அவர். அவர் எந்தப் பக்கம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனாலும் படம் வந்தபோது, பாசிசப் படம் என்றே சிலர் சாடினார்கள். வேறு சிலர் வீரசாகசமாகவே ரசித்தார்கள். கடைசிப் பகுதியில் ஒரு காட்சி: கறுப்பு நீளக்கோட்டு அணிந்த அதிகாரி, பிடிபட்ட ராட்சதப் பூச்சியின்மேல் கைவைத்து, "பயப்படுகிறது!" என்கிறான். சுற்றி நிற்கும் படை மொத்தமும் ஆர்ப்பரிக்கிறது. இன்னொரு உயிரின் அச்சத்தில் பொங்கும் அந்த மகிழ்ச்சிதான் பாசிசத்தின் உயிர்நாடி. அதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படங்கள் குறைவு. ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்குள் அழகான முகங்களுக்கும் மிடுக்கான சீருடைகளுக்கும் நம் கண் பழகிப்போய்விடுகிறது. எதிரிக்கோ முகமே இல்லை. அரங்கில் இருப்பவனும் சேர்ந்து கைதட்டுகிறான்.

பார்ப்பவனையும் உடந்தையாக்குவதுதான் நோக்கம் என்பீர்கள். சரி, தானும் உடந்தை என்று அவனுக்கு உறைக்கும் ஒரு கணமாவது வேண்டாமா?

சாப்ளின் 1940இலேயே அந்தக் கணத்தைத் தந்தார். 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் ஹிட்லரின் பகடியாக வரும் சர்வாதிகாரி உலக உருண்டைப் பலூனோடு ஆடுகிறான். அது அவன் கையிலேயே வெடிக்கிறது. அதில் கம்பீரத்துக்கு இடமே இல்லை. சர்வாதிகாரியாக நடித்த சாப்ளினே அதே படத்தில் யூத நாவிதராகவும் வருகிறார். கடைக் கண்ணாடியில் அடியாட்கள் பூசிய வசையை அவர் துடைப்பதைப் பார்த்த பிறகு, சர்வாதிகாரியைக் கண்டு நாம் சிரிக்கும் சிரிப்பே வேறாகிவிடுகிறது. வதைமுகாம்களின் உண்மைக் கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று 1964இல் தன் சுயசரிதையில் எழுதினார். சிரிப்புக்கும் எல்லை உண்டு என்று அறிந்த கலைஞன் அவர்.

இன்று உங்கள் படத்தை யாரும் முழுசாகப் பார்த்தாக வேண்டிய கட்டாயமில்லை. அணிவகுப்பையும் முழக்கத்தையும் மட்டும் வெட்டியெடுத்து, இசை சேர்த்துப் பரப்புகிறார்கள். கிண்டல் வசனத்தில் மட்டும் இருந்தால் அது முதல் வெட்டிலேயே போய்விடும்.

ஆகவே கேட்கிறேன்: அடுத்த படத்தில் அணிவகுப்பைக் கீழிருந்து பிரம்மாண்டமாகப் படமாக்காதீர்கள். பின்னணி இசையை அணிவகுப்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் கதவை உடைத்து நுழையும் வீட்டுக்குள் கேமராவை முன்கூட்டியே வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களை விடாமல் பார்க்கும் ஒருவர்