விதை விட்ட தேதியைச் சொல்லிவிட்டு மருந்து கேளுங்கள்

அன்புள்ள விவசாயி அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன தை மாதம் குடியாத்தம் சுற்று வட்டாரத்திலிருந்து நம் கடைக்கு வந்த பலர் கையில் வெளுத்த நெற்கதிரோடு வந்தீர்கள். "மருந்து அடிச்சும் கேக்கலையே" என்று கோபம் வேறு. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கதிரின் கதை புரட்டாசியில் விதை விட்ட அன்றே தொடங்கிவிட்டது.

கணக்குப் பாருங்கள். பிபிடி 5204 நெல் ரகம் சுமார் 150 நாள் பயிர். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பு பூக்கும். ஆடியில் விதைத்தால் கார்த்திகையில் கதிர் வந்துவிடும். ஏரி நிரம்பட்டும் என்று புரட்டாசி வரை காத்திருந்தால், சரியாகத் தைப் பனியில் கதிர் கழுத்தை நீட்டும். ராத்திரி வெப்பம் 20 டிகிரி பக்கம் இறங்கி, காலையில் வெகுநேரம் பனி ஈரம் காயாமல் நின்றால் இலையையும் கதிர்க் கழுத்தையும் தாக்கும் குலைநோய்ப் பூசணத்துக்குக் கொண்டாட்டம். அதோடு யூரியாவையும் அள்ளிப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கழுத்தில் நோய் விழுந்த பிறகு என்ன அடித்தாலும் சாவியான, அதாவது பதரான நெல் பால் பிடிக்காது. ட்ரைசைக்ளசோல் என்ற பூசண மருந்தை ஏக்கருக்கு 200 கிராம் அடிப்பதென்றால் தொண்டைக் கதிரிலேயே, அதாவது கதிர் வெளியே வருமுன்பே அடித்திருக்க வேண்டும்.

இன்னொன்று. வெளுத்த கதிரெல்லாம் குலைநோய் ஆகாது. கதிரைப் பிடித்து இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் தண்டுத் துளைப்பான் புழு. வராமல், கழுத்தில் கரும்பழுப்பு வளையம் தெரிந்தால்தான் குலைநோய்.

தண்ணீர் தாமதமானால் நாங்கள் சொல்வது கோ 51 என்ற குறுகிய கால நெல் ரகம். 105, 110 நாளில் வந்துவிடும். பனி இறுகும் முன் பூத்துவிடும். பூக்கும்போது மழை பிடித்தால் நெல்மணி பொடி உருண்டையாகிவிடும் நெல்பழ நோய் கொஞ்சம் வரலாம், அது உண்மை. இருந்தாலும் கழுத்து ஒடிவதற்கு அது எவ்வளவோ தேவலை. பொன்னி, பிபிடி அரிசிக்கு விலை கூட என்று தெரியும். எங்களுக்கும் அந்த விதைதான் அதிகம் ஓடுகிறது. ஆனாலும் புரட்டாசிக்கு அதைத் தர மனசு வரவில்லை.

மார்கழி, தையில் விதைக்கும் நவரைப் பட்டத்துக்குச் சிக்கல் தலைகீழ். கதிர் வரும்போது வெயில் ஏறிவிடும், பனி அடிப்பது நாற்றங்காலில். அதனால் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா பொடியைக் கலந்து விடுங்கள், இலையில் குலைநோயின் கண் வடிவப் புள்ளி தெரிகிறதா என்று காலையில் பாருங்கள். சித்திரை வாக்கில் விதைக்கும் சொர்ணவாரிப் பட்டத்தில் குலைநோய்த் தொல்லை குறைவு.

அப்புறம், இந்தப் பட்டத்திலிருந்து விதை பில்லிலேயே நாற்று விடும் தேதியையும் எழுதித் தருகிறோம். மருந்துக்கு வரும்போது அதையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விதை, உரக்கடை